பெல்ட்டைத் திருப்பிப் பார்க்கிறவர்கள்: வாசகர் கேள்வி – பதில்

(பேரணாம்பட்டைப் பூர்வீகமாகக் கொண்டு, அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்தில் குடியிருப்பவர் இந்த மாதப் பதிலாளர். கையால் தைத்த தோல் பொருட்களை மோட்டார் சைக்கிள் கண்காட்சிகளிலும் பழைய உதிரிபாகச் சந்தைகளிலும் விற்றுவருகிறார்.)

அம்மா, மோட்டார் சைக்கிள் கண்காட்சி என்றால் புது வண்டிகளை விளக்கு போட்டு நிறுத்தியிருப்பார்கள் என்றுதான் நினைத்திருந்தேன். நீங்கள் 'ஸ்வாப் மீட்' என்கிறீர்களே, அது என்ன? அங்கே தோல் பொருளை யார் வாங்குகிறார்கள்?
– வாசகர், வேலூர்

பழைய வண்டிக்காரர்கள் கூடும் சந்தை அது. ஏப்ரல் கடைசியில் எங்கள் மாநிலத்து ஓலி என்ற சிற்றூரில் ஒன்று கூடுகிறது. ஜூலையில் ஒஹாயோவின் வாசியானில் ஒன்று. கோடை முடிகிற வேளையில் அயோவாவின் டேவன்போர்ட்டில் ஒன்று. மூன்றும் 1954இல் தொடங்கிய 'ஆன்டிக் மோட்டார்சைக்கிள் கிளப் ஆஃப் அமெரிக்கா' சங்கத்தின் கிளைகள் நடத்துபவை. 35 வயதைத் தாண்டிய வண்டிதான் இவர்கள் கணக்கில் பழைய வண்டி. புல்தரையில் தார்ப்பாய் விரித்து பெட்ரோல் டேங்க், கார்புரேட்டர், துருப்பிடித்த ஃபோர்க், உடைந்த விளக்கு என்று பரப்பியிருப்பார்கள். 1936 முதல் 1947 வரை வந்த ஹார்லி 'நக்கிள்ஹெட்' எஞ்சினுக்கு ஒரு சிறு பாகம் கிடைக்காதா என்று மூன்று மாநிலம் தாண்டி வந்து நிற்பார்கள். 1953இல் உற்பத்தி நின்றுபோன பழைய 'இண்டியன்' வண்டிக்காரர்களின் பாடு இன்னும் சிரமம். விடிவதற்கு முன்பே கையில் டார்ச்சோடு சுற்றத் தொடங்கிவிடுவார்கள். நல்ல பாகம் ஏழு மணிக்குள் கைமாறிவிடும்.

மோட்டார் சைக்கிள் விழாக்களுக்கு வருகிற கூட்டம் வேறு ரகம். தெற்கு டகோட்டாவின் ஸ்டர்ஜிஸில் 1938 முதலும், ஃபுளோரிடாவின் டேடோனாவில் 1937 முதலும் நடக்கிற பெரிய விழாக்களுக்கு விடுமுறை எடுத்துக்கொண்டு வருகிறார்கள். 'போய் வந்தேன்' என்று காட்ட ஒரு பொருள் அவர்களுக்கு வேண்டும். சந்தைக்கு வருபவர் வீட்டுக் கொட்டகையில் தானே எஞ்சினைப் பிரித்துப் பூட்டுகிறவர். பெல்ட்டை எடுத்ததும் முதலில் பின்பக்கத்தைத் திருப்பிப் பார்க்கிறார். தையல் பின்னாலும் நேராக ஓடுகிறதா, ஓரம் தேய்த்து மூடியிருக்கிறதா, ரிவெட்டுக்குப் பின்னால் வளையம் போட்டு அடித்திருக்கிறதா என்று நகத்தால் நிரடிப் பார்க்கிறார். இப்படிப்பட்ட வாடிக்கையாளர் கைவினைஞருக்குக் கிடைப்பது பெரும் பேறு. ஒளிவுமறைவில்லாமல் செய்தவருக்கு இதைவிட நல்ல சந்தை கிடையாது என்பது என் முடிவு. கீழே வருகிற பதில்கள் பலவும் இதிலிருந்து கிளைத்தவைதான்.

அக்கா, எனக்கு வேலை செய்ய அனுமதி இருக்கிறது, இரண்டு வருடமாகத் தோல் வேலை கற்றிருக்கிறேன். முதல் சந்தைக்கு எதை எடுத்துப் போவது? பை, பர்ஸ், சாவி வளையம் எல்லாம் செய்து வைத்திருக்கிறேன்.
– வாசகி, நியூ ஜெர்சி

எல்லாவற்றையும் எடுத்துப் போங்கள். ஆனால் மேசையின் நடுவில் பெல்ட் வேலை நடக்கட்டும். செய்துவைத்த பெல்ட்டை விற்பதைச் சொல்லவில்லை. அவர்கள் கண் முன்னால் அளந்து, வெட்டி, துளையிட்டுக் கொடுப்பதைச் சொல்கிறேன்.

பட்டைகளை வீட்டிலேயே சாயம் போட்டு, ஓரம் சீவி, மெழுகு தேய்த்து முடித்துவிடுங்கள். சாயம் காய ஒரு இரவு வேண்டும், சந்தையில் அதற்கு நேரமில்லை. பக்கிள் பக்கம் மடிப்பையும் முடித்து, நுனியை மட்டும் நீளமாக விட்டுவையுங்கள். வந்தவரிடம் "என்ன சைஸ்?" என்று கேட்காதீர்கள். கால்சட்டையில் எழுதியிருக்கிற எண்ணைச் சொல்வார், அது அவர் இடுப்புக்குப் பொருந்தாது. அவர் போட்டிருக்கிற பெல்ட்டையே கழற்றித் தரச் சொல்லி மேசையில் நீட்டிவையுங்கள். பக்கிள் கம்பியில் தோல் மடிகிற இடத்திலிருந்து, அதிகமாகத் தேய்ந்து நீண்டுபோன துளை வரை டேப் பிடியுங்கள். அதுதான் அவர் அளவு. அந்த இடத்தில் நடுத்துளை. அதற்கு இந்தப் பக்கம் இரண்டு, அந்தப் பக்கம் இரண்டு, ஒவ்வோர் அங்குல இடைவெளியில். பிறகு நுனியை வளைவாக வெட்டி, வெட்டிய ஓரத்தை ஈரத் துணியால் துடைத்து மரத்துண்டால் தேய்த்தால் இரண்டு நிமிடத்தில் பளபளப்பு ஏறிவிடும். மரச் சுத்தியல் ஓசை கேட்டு நாலு பேர் நிற்பார்கள். நாலு பேரில் ஒருவர் தன் பெல்ட்டைக் கழற்றத் தொடங்குவார்.

பக்கிளிலும் ஒரு விஷயம் இருக்கிறது. வண்டிக்காரர்களுக்கு டேங்க் பெயின்ட் உயிர். குனிந்து உட்காரும்போது பக்கிள் உரசிக் கீறிவிடும் என்று பயப்படுவார்கள். பக்கிள் மேல் ஒரு தோல் மடிப்பு வந்து மூடுகிற மாதிரி 'மெக்கானிக் பெல்ட்' செய்து பழகுங்கள். வண்டி பழுதுபார்ப்பவர்கள் ஃபெண்டர் (மட்கார்டு) மேல் சாய்ந்து வேலை செய்கிறவர்கள், இதைப் பார்த்ததும் காரணம் கேட்காமலே புரிந்துகொள்வார்கள். மற்ற பெல்ட்களில் பக்கிளைத் தைத்து மூடாமல், கழற்றி மாட்டக்கூடிய 'சிகாகோ ஸ்க்ரூ' என்ற இரு துண்டுத் திருகு போட்டுக் கொடுங்கள். பக்கிள் மாற்றிக்கொள்ள விரும்புகிறவர்கள் நிறைய. ஆனால் வண்டி அதிர்வில் ஸ்க்ரூ கழன்றுபோகும். மரையில் த்ரெட்லாக்கர் என்ற, திருகு கழலாமல் பிடிக்கிற பசையை ஒரு சொட்டு விட்டு முறுக்கிக் கொடுங்கள்.

தோல் எட்டு ஒன்பது அவுன்சுக்குக் குறையக் கூடாது. ஓர் அவுன்ஸ் என்பது அங்குலத்தில் 64இல் ஒரு பங்கு தடிமன், ஆக மூன்றேகால் மில்லிமீட்டருக்குச் சற்றே கூடுதலாக இருக்கும். முதுகுப் பகுதியில் மட்டும் பெல்ட் வெட்டுங்கள். வயிற்றுப் பகுதித் தோல் இழுபட்டு நீளும், அதைச் சாவி வளையத்துக்கும் சிறு பைகளுக்கும் ஒதுக்குங்கள். நான் எங்கள் மாநிலத்துக் கர்வென்ஸ்வில்லில் இருக்கிற விக்கெட் அண்ட் கிரெய்க் தோலும், செயின்ட் லூயிஸில் 1881 முதல் இயங்கும் ஹெர்மன் ஓக் தோலும் வாங்குகிறேன். இரண்டும் மரப்பட்டைச் சாற்றில் பதனிட்டவை.

பெல்ட்டுக்கு அடுத்து ஓடுவது ஸ்பானர் வைத்துச் சுருட்டிக் கட்டுகிற கருவிப் பை. பழைய வண்டி நடுவழியில் நிற்கும், கருவி இல்லாமல் யாரும் கிளம்ப மாட்டார்கள். பெண்களுக்கான கைப்பை இந்தக் கூட்டத்தில் மெதுவாகத்தான் நகரும்.

விலை சொன்னால் பாதிக்குக் கேட்கிறார்கள். இணையத்தில் இருபது டாலருக்குப் பெல்ட் கிடைக்கிறதே என்கிறார்கள். என்ன பதில் சொல்வது?
– வாசகர், டெக்சஸ்

பேரம் பேசுவது அந்தச் சந்தையின் பழக்கம், அதில் அவமதிப்பு எதுவுமில்லை. காலையிலிருந்து கார்புரேட்டருக்குப் பேரம் பேசியவர் உங்களிடமும் அதே வாயோடு வருகிறார். இருபது டாலர் பெல்ட்டை மட்டம் தட்டாதீர்கள். பழைய பெல்ட் ஒன்றைக் குறுக்கே வெட்டி மேசையில் வையுங்கள். உள்ளே தோல் தூளையும் அட்டையையும் பசை போட்டு அழுத்தி, மேலே மெல்லிய பூச்சு ஒட்டியிருப்பது தெரியும். பக்கத்தில் உங்கள் பட்டையில் ஒரு துண்டை வெட்டி வையுங்கள். வந்தவர் இரண்டையும் தொட்டுப் பார்த்துக்கொள்வார்.

என் பெல்ட் 85 டாலர். ஒரு பக்கத் தோலின் (மாட்டின் முழுத் தோலில் பாதி) விலையே 250 டாலரைத் தாண்டுகிறது. அதோடு பித்தளைப் பக்கிள், மெழுகு நூல், இடத்து வாடகை, பெட்ரோல், இரண்டு இரவு தங்கல் எல்லாம் சேர வேண்டும். இவற்றுக்கெல்லாம் கணக்கெழுதிவிட்டுத் தன் கைவேலை நேரத்தை மட்டும் விட்டுவிடுகிறவர்கள் நம்மிடையே ஏராளம். அதைக் கேட்டாலே எனக்கு மனம் கொதிக்கிறது. உங்கள் ஒரு மணி நேரத்துக்கு ஒரு கூலி வைத்து விலையில் சேருங்கள். இரண்டாவது பொருள் வாங்குகிறவருக்குக் குறையுங்கள், பண்டமாற்றுக்கு ஒப்புக்கொள்ளுங்கள். நான் பெல்ட் கொடுத்துப் பழைய இருக்கைத் தகடு வாங்கி, அதற்குப் புதுத் தோல் போட்டு விற்றிருக்கிறேன். சும்மா கேட்டார் என்பதற்காக மட்டும் குறைக்காதீர்கள். ஞாயிற்றுக்கிழமை மதியம் கடை கட்டும்போது பாதி விலைக்குத் தள்ளிவிட்டால், அடுத்த ஆண்டு எல்லோரும் ஞாயிறு மதியம்தான் வருவார்கள்.

ஹார்லி சின்னத்தைத் தோலில் பொறித்துத் தரச் சொல்லி ஒருவர் கேட்டார். ஒரே ஒரு பர்ஸ்தான். செய்து கொடுக்கலாமா?
– வாசகர், கலிஃபோர்னியா

கூடாது. அந்தக் கேடயச் சின்னமும் பெயரும் பதிவு பெற்ற வணிகக் குறிகள், நிறுவனம் அவற்றை விழிப்போடு காத்துவருகிறது. ஒன்று என்றாலும் விற்பனைதான். அதைவிட, இன்னொருவர் சின்னத்தைப் போட்டு விற்கிற பர்ஸில் உங்களுடையது என்று என்ன இருக்கிறது? அவர் வண்டியின் எஞ்சின் வடிவத்தை நீங்களே வரைந்து பொறியுங்கள், அவர் ஊரின் மலையைப் பொறியுங்கள், பெயரின் முதல் எழுத்தைப் பொறியுங்கள். பெரும்பாலோர் அதையே அதிகமாக விரும்புகிறார்கள்.

தாடி வளர்த்துப் பச்சை குத்திய முரட்டு ஆட்கள் நடுவே ஒரு தமிழ்ப் பெண் தனியாகக் கடை போடுவது பயமாக இல்லையா அம்மா? படத்தில் பார்த்தாலே நடுக்கமாக இருக்கிறது.
– வாசகி, கோயம்புத்தூர்

இல்லை, சகோதரி. பழைய உதிரிபாகச் சந்தைக்கு வருபவர்களில் பாதிப்பேர் தாத்தாக்கள், பேரனைத் தோளில் சுமந்து வருகிறார்கள். காலையில் கூடாரக் கம்பியைத் தூக்க நான் குனிவதற்குள் பக்கத்துக் கடைக்காரர் மறுமுனையைப் பிடித்திருப்பார். சாப்பிடப் போகும்போது பக்கத்துக் கடையைப் பார்த்துக்கொள்வது அங்கே எழுதாத சட்டம். பயப்பட வேண்டியது காற்றுக்குத்தான். பத்தடிக்குப் பத்தடிக் கூடாரத்தின் நான்கு கால்களிலும் தலா நாற்பது பவுண்டு எடையாவது கட்டுங்கள். கட்டாமல் விட்ட கூடாரம் எதிர் வரிசையில் பளபளவென்று நிற்கிற வண்டி மேல் போய் விழுந்தால் அந்த நட்டத்தை உங்களால் ஈடுகட்ட முடியாது.

அறிந்து நடக்க வேண்டிய மரியாதை ஒன்று உண்டு. சிலர் முதுகில் மூன்று துண்டுச் சின்னம் தைத்த தோல் மேலங்கி போட்டிருப்பார்கள்: மேலே சங்கத்தின் பெயர், நடுவில் அடையாளம், கீழே ஊர் அல்லது மாநிலம். சங்கத்தால் வழங்கப்பட்ட உடைமை அது. அனுமதியில்லாமல் தொடாதீர்கள், போட்டோ எடுக்காதீர்கள், அந்த மாதிரியில் ஒன்று செய்து தரச் சொல்லி வெளியாள் யாராவது கேட்டால் மறுத்துவிடுங்கள். 2010இல் 'ஹெல்ஸ் ஏஞ்சல்ஸ்' என்ற மோட்டார் சைக்கிள் சங்கம் தன் சிறகு முளைத்த மண்டையோட்டுச் சின்னத்தைப் பயன்படுத்தியதாக அலெக்சாண்டர் மெக்வீன் என்ற பெரிய ஃபேஷன் நிறுவனத்தின் மீதே வழக்குப் போட்டது. மற்றபடி விழாச் சின்னங்களையும் நினைவுப் பட்டைகளையும் மேலங்கியில் தைத்துக் கொடுப்பது ஸ்டர்ஜிஸ் போன்ற இடங்களில் நல்ல வருமானம். தைத்து முடியும்வரை அவர் உங்கள் பக்கத்திலேயே நிற்பார், மேலங்கியை விட்டுவிட்டுப் போக மாட்டார். ஒரு நாற்காலி போட்டுவையுங்கள்.

நான் எச்-1பி விசாவில் மென்பொருள் வேலையில் இருக்கிறேன். வார இறுதியில் மட்டும் கடை போட்டால் பிரச்சினை வருமா?
– வாசகர், சியாட்டில்

வரும், தம்பி. அந்த விசா உங்களை அழைத்த நிறுவனத்தில் வேலை செய்ய மட்டுமே அனுமதிக்கிறது. சந்தையில் நின்று விற்பது அனுமதியில்லாத வேலை. பின்னால் பச்சை அட்டைக்கு விண்ணப்பிக்கும்போது இது குறுக்கே வந்து நிற்கும். இந்தியாவிலிருந்து பார்வையாளர் விசாவில் வருகிற அப்பா அம்மாவைக் கடையில் உட்கார வைக்கலாமா என்றும் சிலர் கேட்கிறார்கள், அதுவும் கூடாது. எச்-1பி வைத்திருப்பவரின் குடும்பத்தாருக்கான எச்-4 விசாவில் இருப்பவர்களில் ஒரு பகுதியினருக்கு 2015 முதல் வேலை அனுமதி அட்டை தரப்படுகிறது. உங்கள் மனைவிக்கு அது இருந்து, கடை உண்மையாகவே அவருடையதாக இருந்தால் வழி உண்டு. குடிவரவு வழக்கறிஞரிடம் ஒருமுறை பணம் கொடுத்துக் கேட்டுவிடுங்கள்.

அதுவரை தோல் வாசனையே இல்லாமல் இருக்க வேண்டியதில்லை. சந்தைக்குப் போங்கள், கடை கடையாக நின்று பாருங்கள், நண்பர்களுக்குப் பரிசாகச் செய்து கொடுங்கள். அனுமதி கிடைக்கிற நாளில் கை தேறியிருக்கும். அப்போது விற்பனை வரி உரிமத்தையும் மறக்காதீர்கள். மாநிலத்துக்கு மாநிலம் விதி வேறு. ஜூன் மாதம் லக்கோனியா மோட்டார் சைக்கிள் விழா நடக்கிற நியூ ஹாம்ப்ஷயரில் பொது விற்பனை வரியே இல்லை, மற்ற பெரும்பாலான இடங்களில் அந்த மாநில உரிமம் வாங்கி, வரி வசூலித்துக் கட்ட வேண்டும்.

நாங்கள் தலைமுறையாகத் தோல் தொழிலில் இருப்பவர்கள். நம் தோலில் பெல்ட், பை செய்து அனுப்பினால் அங்கே விற்றுத் தருவீர்களா? அமெரிக்கர்கள் நம் சரக்கை மதிப்பார்களா?
– வாசகர், ஆம்பூர்

உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன் ஐயா. என் தாத்தா பேரணாம்பட்டில் தோல்ஷாப்பில் (தோல் பதனிடும் ஆலையில்) வேலை பார்த்தவர். ஆவாரம்பட்டை ஊறல் வாசனையோடுதான் வீட்டுக்கு வருவார். ஆவாரம்பட்டையிலும் கடுக்காயிலும் பதனிட்ட அந்தத் தோல் 'கிழக்கிந்தியத் தோல்' என்ற பெயரோடு மதராஸிலிருந்து கப்பலேறி உலகம் சுற்றியது, இன்று புவிசார் குறியீடும் பெற்றிருக்கிறது. இங்கே மேசையில் ஒரு துண்டை வைத்து, மரப்பட்டையில் பதனிட்டது என்று சொன்னால் போதும். முகர்ந்து பார்த்துவிட்டுத்தான் கீழே வைப்பார்கள். ஆகவே மதிப்பார்களா என்ற சந்தேகம் வேண்டாம்.

ஆனால் எந்தப் பொருளுக்கு எந்தத் தோல் என்பதில் நாம் கறாராக இருக்க வேண்டும். நம் மாட்டுத் தோல் அளவில் சிறியது, மெல்லியது. இங்குள்ளவர்கள் கேட்கிற தடித்த ஒற்றைப் பட்டை பெல்ட் அதில் எளிதில் வராது. இரண்டு தோலை ஒட்டித் தைத்தால் திருப்பிப் பார்த்ததும் கண்டுபிடித்துவிடுவார்கள். ஒட்டுத் தோல் என்று சொல்லியே விற்றால் குற்றமில்லை, மறைத்தால் பெயர் போய்விடும். நம் ஆட்டுத் தோலின் அழகு மென்மையில் இருக்கிறது. பர்ஸின் உள்புறம், கருவிப் பையின் உள்விரிப்பு, கண்ணாடி உறை, சட்டைப் பைக்குள் வைக்கும் குறிப்பேட்டு உறை ஆகியவற்றுக்கு அதற்கு இணை கிடையாது. அதில் முயலுங்கள். மரப்பட்டைக்குப் பதில் குரோமிய உப்பில் பதனிட்ட தோல் வேண்டாம். வெட்டிய ஓரம் சாம்பல் நீலமாகத் தெரியும், தேய்த்தாலும் மூடாது, இந்தக் கூட்டம் அதை ஒதுக்கிவிடும்.

இன்னொன்று, மரப்பட்டைத் தோல் ஈரமாக இருக்கும்போது இரும்புத் தூள் பட்டால் கறுத்துப்போகும் என்பது உங்களுக்குத் தெரியாததல்ல. கடல் கடந்து வரும் பெட்டிக்குள் மலிவான இரும்புப் பக்கிளும் ஈரக் காற்றும் சேர்ந்தால் அதுவே நடக்கிறது. பித்தளை மட்டும் போடுங்கள், பக்கிளைத் தனித் தாளில் சுற்றுங்கள்.

சட்டப்படி ஒவ்வொரு பொருளிலும் இந்தியாவில் செய்தது என்று ஆங்கிலத்தில் வாங்குபவர் கண்ணில் படும்படி இருக்க வேண்டும். அதை எடுத்துவிடச் சொல்லி யாராவது கேட்டால் அவரோடு வியாபாரம் வைத்துக்கொள்ளாதீர்கள். அச்சுத் தாள் ஒட்டாமல் ஆம்பூர் என்ற ஊர்ப் பெயரையும் சேர்த்துத் தோலிலேயே அழுத்திப் பதியுங்கள். சுங்க வரி அடிக்கடி மாறுகிறது, ஏற்றுமதி முகவரிடம் அன்றைய விகிதத்தைக் கேட்ட பிறகே விலை குறியுங்கள். அடையாற்றில் 1948 முதல் இயங்கும் மத்திய தோல் ஆராய்ச்சி நிறுவனத்தில் தோலின் பலத்தைச் சோதித்துச் சான்று வாங்கலாம்.

என் கடையில் வைக்க முடியுமா என்று கேட்டிருக்கிறீர்கள். என் மேசையில் நான் செய்தது மட்டுமே இருக்கும் என்று வருபவர்களிடம் சொல்லியிருக்கிறேன், அதை மீற முடியாது. ஆனால் உங்கள் ஆட்டுத் தோல் நான்கு நிறத்தில் மாதிரி அனுப்புங்கள். என் கருவிப் பைகளுக்கு உள்விரிப்பாக விலை கொடுத்து வாங்கிக்கொள்கிறேன். எந்த ஊர்த் தோல் என்று கேட்பவர்கள் எல்லோருக்கும் சொல்வேன்.

என் புல்லட்டில் மாட்டியிருந்த தோல் பக்கப் பை மழையில் நனைந்து, சைலன்சர் பக்கம் சுருங்கிக் கல் போலாகிவிட்டது. சரி செய்ய முடியுமா?
– வாசகர், நாகர்கோவில்

சூட்டில் சுருங்கிய இடம் திரும்பாது. நார் வெந்துபோய்விட்டது. அந்தப் பக்கத் துண்டை மட்டும் தையல் பிரித்து மாற்றச் சொல்லுங்கள், பை பிழைத்துக்கொள்ளும். மாட்டும்போது பைக்கும் சைலன்சருக்கும் நடுவே நான்கு விரல் இடைவெளியாவது நிற்கும்படி ஒரு கம்பித் தாங்கி போடுங்கள். வெறும் மழை என்றால் பயமில்லை. உள்ளே பழைய செய்தித்தாள் திணித்து நிழலில் இரண்டு மூன்று நாள் காயவிடுங்கள். வெயிலும் ஹேர் டிரையரும் ஆகாது. இலேசான ஈரம் மிச்சமிருக்கும்போதே நீட்ஸ்ஃபுட் எண்ணெயை (மாட்டுக் கால் எலும்பிலிருந்து எடுப்பது) துணியில் தொட்டு மெலிதாகத் தடவுங்கள். நிறைய ஊற்றினால் தோல் தளர்ந்து தொங்கும். உங்கள் ஊர் ஈரத்துக்குப் பூஞ்சை பூக்கும், மாதம் ஒருமுறை பையைக் கழற்றித் துடைத்துக் காற்றாட மாட்டிவையுங்கள்.